ஊக்கு குத்திய மத்தியானம்

சூரியனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதான், இதைப் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் பாகம் குறித்து மார்க் வாங்கியவள்தானே நீ, கோகிலவாணி, தோட்டக்கலையில் பட்டம் வேறு வாங்கிக் கிழித்தவள், அப்புறம் ஏன் காலையிலிருந்து கத்தியைத் தொடவில்லை? டிபன் டப்பாவில் வெறும் தயிர்ச்சோறு, ஓரத்தில் ஊறுகாய். "ஏன், காய் ஒண்ணும் வெட்டலையா?" என்று வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி கேட்டதற்கு நேரமில்லை என்று சொன்னேன். நேரம் நிறைய இருந்தது. அவருக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் இல்லை, ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அம்மாவுக்கும் தெரியாது, பூமியில் ஒருவருக்கும் தெரியாது, எட்டு வாரம், எனக்கும் குளியலறையில் ஒளித்து வைத்த அந்தச் சின்னக் குச்சிக்கும்தான் தெரியும். நாற்பத்தொரு வயதில். நினைக்கும்போதே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது, நினைப்பது வெளியே கேட்டுவிடுமோ என்று. கேட்காது. தக்காளி ஷெட்டின் சாப்பாட்டு அறையில் எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருக்கிறோம், குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. வெளியே முற்றத்தில் இரண்டு லாரி தக்காளி வெயிலில் நிற்கிறது. வெயில் என்று சொல்ல முடியாது, வெயில் மாதிரி ஒன்று. மேனேஜர் கார்சா வந்து எல்லோரும் வெளியே போய் லோடு இறக்கித் தரம் பிரியுங்கள் என்றார். எலோதியா அக்கா எழுந்து, வெளிச்சம் திரும்பும்வரை யாரும் வெளியே வர மாட்டோம், உள்ளே எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறோம் என்றாள். கத்தவில்லை, உப்பைக் கொஞ்சம் நகர்த்து என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அவர் ஆபீசுக்குப் போன் செய்யப் போயிருக்கிறார். திரும்பி வருவார்.

எனக்கு இங்கே உட்கார வேண்டிய அவசியமே இல்லை. நான் தர சோதனைக்காரி. தக்காளியை அமுக்கிப் பார்த்து, நிறம் பார்த்து, இது ஹோட்டலுக்கு, இது கடைக்கு, இது கெச்சப்புக்கு என்று சொல்கிறவள், என்னை லோடு இறக்க யாரும் கூப்பிடப்போவதில்லை. ஆனாலும் இவர்கள் உட்கார்ந்தபோது என் காலும் மடங்கிவிட்டது. காலையில் நடந்ததால்தான். கேட் பக்கத்தில் எலோதியா அக்கா நின்றுகொண்டிருந்தாள், ஏப்ரன் பையில் ஒரு பிடி ஊக்கு, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் சுற்றியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில், வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தன்று இடுப்பில் ஊக்குக் குத்திக்கொள்வாளாம், இல்லாவிட்டால் நிலா வந்து பிள்ளையின் உதட்டைக் கடித்துவிடுமாம். கேட்டதும் எனக்குப் புல்லரித்துப்போயிற்று. எங்கள் தெருவிலும் அதே உதடுதானே! கிரகணம் பட்டால் உதடு பிளந்து பிறக்கும் என்று கர்ப்பிணியை உள்ளறையில் பூட்டி வைப்பார்களே. இத்தனை கடல் தாண்டி, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத பெண்கள், வானத்தைப் பார்த்துப் பயந்தபோது பிள்ளையின் அதே உதட்டை எப்படி நினைத்தார்கள்? அதைவிட ஆச்சரியம் அக்கா செய்தது. ஊக்குக் குத்தியவள் யார் என்று பார்த்தால் கர்ப்பிணி யார் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை. போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லோடு குறைவு, கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். அதனால் அவள் உள்ளே நுழைந்த அத்தனை பெண்களுக்கும் குத்திவிட்டாள். பேரன் கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கும் சொகோரோவுக்கும் குத்தினாள். "குத்து குத்து, யாரு கண்டா, கடவுளுக்கு வெளையாட்டு ஜாஸ்தி" என்று அந்தக் கிழவி இடுப்பை நீட்ட, கேட் வாசலே கொல்லென்று சிரித்தது. என்னிடம் வந்ததும், "ஒனக்கும்தான் மிஹா" என்றாள். மிஹா என்றால் மகளே. நானும் சிரித்துக்கொண்டே நீட்டினேன், ஆனால் குத்தும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்துக் குத்தியவள் என்னை மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது நான்தான், இப்போது ஷெட்டில் பாதிப் பேர் அவளை அக்கா என்கிறார்கள், அது ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டு. அவள் ஸ்பானிஷில் பேசுவது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது, வேறு மாதிரி கேட்க எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருக்கும் தகர வீடுகளுக்கு, பெண்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போவாள், கையில் ரொட்டிப் பொட்டலம், தோளில் ஒரு பை. பைக்குள் துணியில் தைத்த கருப்பை, அவளே தைத்தது, ரோஜா நிறத்தில், இரண்டு பக்கமும் கைபோல நீண்ட குழாய்கள். நானும் ஒரு தடவை போனேன், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல். பாத்திரம் கழுவுகிறவள் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டே பேசுகிறாள், மாத்திரை பற்றி, மார்பில் கட்டி பற்றி, புருஷனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்வது பற்றி. அந்தத் துணிக் கருப்பையை என் மடியிலும் வைத்தாள். இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. என் மடியில் அது கிடந்தபோது அழுகை வந்துவிட்டது, தூசி என்று சொன்னேன். அவளுக்கு நாலாவது பிள்ளை பிறக்கும்போது, வலி உச்சத்தில், இத்தோடு நிறுத்திக்கொள்ள ஆபரேஷன் செய்துவிடவா என்று கேட்டிருக்கிறார்கள், அவள் சரி என்றிருக்கிறாள். "வலியில கெடக்கறவ எதுக்கும் சரின்னுதான் சொல்லுவா. சூரியனப் புடுங்கிக்கட்டுமான்னு கேட்டிருந்தாலும் சரின்னிருப்பேன். அது சம்மதமா?" அவள் கேட்டபோது எனக்கு அண்ணி ஞாபகம் வந்தது. பிரசவம் முடிந்த கையோடு அவளைக் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள், அடுத்த பிள்ளை ஏன் தங்கவில்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றினாள், பிறகு ஒரு ஸ்கேனில் தெரிந்தது. எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது, கேட்க மறந்துபோகிற ஒரே இடம் பெண்ணின் வயிறு.

ஐயோ, தரையைப் பார். எங்கிருந்து இவ்வளவு? தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டைகள் வழியாகத் தினமும் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும், காசு இறைத்த மாதிரி, யாரும் கவனிப்பதில்லை. இன்றைக்கு ஒவ்வொரு வட்டமும் பிறையாகியிருக்கிறது. தரை முழுக்கப் பிறை, மேஜையில் பிறை, யெசெனியாவின் தோளில், சொகோரோவின் நரைத்த கொண்டையில், என் ஏப்ரனில் வயிற்றுக்கு மேலே சின்னச் சின்னதாக நாலைந்து. ஓட்டை மாறவில்லை, கூரை மாறவில்லை, மேலே இருக்கிறவன் தேய்ந்துகொண்டிருக்கிறான், அதை ஒரு துளி விடாமல் இந்தத் தகரம் கீழே எழுதிக் காட்டுகிறது. இது ஊசித்துளைக் காமெரா தத்துவம், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன! கையை நீட்டினால் உள்ளங்கையில் ஒரு சூரியன் வந்து உட்கார்கிறான். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஒருத்தி சிலுவை போட்டுக்கொள்கிறாள், யாரோ மூச்சை இழுக்கிறார்கள். காற்று குளிர்ந்துவிட்டது, வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. மடித்த ரொட்டிக்குள் இருக்கும் அவரை மசியலின் வாசனை மட்டும் அடிவயிற்றைப் பிரட்டுகிறது, எழுந்து ஓடக் கூடாது, மூக்கைச் சுளிக்கக் கூடாது, இதை வைத்தே கண்டுபிடிக்கிற கண்கள் இங்கே நிறைய இருக்கின்றன. பிரட்டட்டும். பிரட்டினால் நல்லதுதான், பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை எனக்குப் பிரட்டவே இல்லை. முதல் தடவை ஈஸ்வரமூர்த்தி, குச்சியில் கோடு காய்வதற்குள், கோயம்புத்தூர், ஈரோடு, சிங்கப்பூர் என்று ஊர் ஊராகப் போன் போட்டார், பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிற மனுஷன், தண்ணீர் வந்துவிட்டது என்று கத்துகிற மாதிரி கத்தினார். பத்தாவது வாரத்தில் அது போயிற்று. அப்புறம் அதே நம்பர்களுக்கு மறுபடி போன் போட்டு ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொன்னார், நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இல்லையையும் கேட்டேன். "மூணு மாசம் முடியாம வெளிய சொல்லலாமாடி, கண்ணு பட்டிருச்சு" என்றாள் அம்மா. இரண்டாவது தடவை யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் போயிற்று. அது வந்ததே யாருக்கும் தெரியாததால் போனதும் யாருக்கும் தெரியவில்லை, மறுநாள் இட்லிக்கு ஊறப் போட்டேன். சொல்லியும் போனது, சொல்லாமலும் போனது. அப்படியானால் இந்த மூடி வைப்பது எதற்கு? யாருடைய கண்ணுக்கு? தெரியவில்லை, தெரியவில்லை, இருந்தும் மூடித்தான் வைத்திருக்கிறேன்.

மரிசேலா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்க்காதே என்று சொன்னால் கண் அங்கேதான் போகிறது. போன வருஷம் இதே மாதம். கழுவுகிற தொட்டிப் பக்கம் குளோரின் நெடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்கிற வேலை அவளுக்கு. உட்கார ஒரு நாற்காலி கேட்டிருக்கிறாள், கால் வீங்குகிறது என்று. ஏன் என்று கேட்டிருக்கிறார்கள், சும்மா என்றிருக்கிறாள். சும்மாவுக்கு யார் நாற்காலி கொடுப்பார்கள்? ஐந்தாவது மாதம், சட்டைக்கு மேல் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு நின்றவள், ஒரு நாள் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். ஆம்புலன்ஸ் வேண்டாம், ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அழுதாள், யாராலும் அவளைத் தேற்ற முடியவில்லை, என் காரில்தான் கூட்டிப்போனோம். அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வழி முழுக்க மரிசேலா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள், "சீட்டெல்லாம் கறையாவுது, மன்னிச்சுக்க கோகி, நான் கழுவிக் குடுத்தர்றேன்." நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். ஆண் குழந்தை. கொஞ்ச நாளில் திரும்ப வந்து அதே தொட்டியில் நின்றாள். எப்படி நின்றாள்? எனக்கு அந்த மாதிரி ஒரு நாளைக் கடந்து போகிற தெம்பு கிடையாது, என்னை மாதிரி நாலு பேரைக் கட்டி வைத்தாலும் கிடையாது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் அக்கா சட்டத்தைப் பற்றிச் சொன்னாள். கர்ப்பிணி நாற்காலி கேட்டால், தண்ணீர் கேட்டால், நெடி இல்லாத இடம் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். "இருக்குது மிஹா, நல்லாத்தான் இருக்குது. ஆனா எவளாவது ஒருத்தி வாயத் தொறந்து, நான் உண்டாயிருக்கேன், எனக்கு வேணும்னு கேக்கணும். கேட்டாத்தான் அது முழிச்சுக்கும். இங்க எவ கேப்பா? கேக்கறவகிட்ட மொதல்ல காகிதம் இருக்கான்னு பாப்பாங்க."

என்னிடம் காகிதம் இருக்கிறது. இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்கிற பச்சை அட்டை, பர்ஸில், டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால். என்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. அதனால்தான் இவ்வளவு நேரமாக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதா? கிரகணத்துக்கு அடிக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, வேண்டாம். நாளைக்கு இதுவும் போய்விட்டால்? இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தியிடமும் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால்? ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்வதற்கு முன்னால் தக்காளி ஷெட்டில் சொன்னேன் என்றால் அவர் முகம் எப்படிப் போகும்? அக்கா சொல்லட்டுமே, அவளுக்குத்தான் பேச வரும். ஆனால் அவள் சொல்ல முடியாது, உண்டாவதைத்தான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்களே. யெசெனியா சொல்வாளா? சின்னப் பெண், போன வாரம் பெட்டி தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள், அது வெறும் முதுகுவலியாகவும் இருக்கலாம். இங்கே கேட்க முடிந்தவள் ஒருத்திகூட இல்லை, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பிறைகள் மெலிந்துகொண்டே போகின்றன, கடித்துத் துப்பிய நகம் அளவுக்கு. இதற்கு மேல் தேயாது, இந்த ஊருக்கு முழு இருட்டு இல்லை என்று டிவியில் சொன்னார்கள். இவ்வளவு மறைத்தும் இவ்வளவு வெளிச்சம் மிச்சம் இருக்கிறதே, எப்பேர்ப்பட்ட சூரியன் அது. உள்ளே இருக்கிறதே, என் உள்ளே, ஒரு அவரை விதை அளவு, அதற்கும் இப்போது இருதயம் அடித்துக்கொண்டிருக்கும். நான் சொன்னாலும் அடிக்கும், சொல்லாவிட்டாலும் அடிக்கும், நிற்பதானால் இரண்டிலும் நிற்கும். அதன் கையில் அது இருக்கிறது, என் கையில் என் வாய் மட்டும்தான் இருக்கிறது. காலடிச் சத்தம். கார்சா வந்துவிட்டார்.

தொப்பியைக் கையில் வைத்திருக்கிறார், கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கஷ்டம். "சரிம்மா, ஆபீஸ்ல பேசிட்டேன்" என்கிறார். "எங்கம்மாவும் இப்படித்தான், கிரகணம்னா ஊக்கத் தேடுவாங்க. எனக்குப் புரியுது. அதனால மாசமா இருக்கறவங்க மட்டும் உள்ளயே இருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தவங்க லோடுக்கு வாங்க. யாரு யாருன்னு மட்டும் சொல்லிருங்க." நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். அக்கா அவரைப் பார்க்கிறாள், பிறகு மேஜையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கவே இல்லை. கேட் வாசலில் பார்க்காமல் விட்ட மாதிரியே இப்போதும் விடுகிறாள். தெரிந்திருக்கிறது இவளுக்கு. தெரிந்தும் ஒரு பார்வையால்கூட என்னைத் தள்ளவில்லை. சரி என்று சொல்லி ஏமாந்தவள், இன்னொருத்தியைச் சரி என்று சொல்லவைக்க மாட்டாள். இவ்வளவு பெரிய மனசை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. "யாரும் இல்லையா? அப்ப எல்லாரும் கெளம்புங்க, லாரி நிக்குது" என்கிறார் கார்சா, ஒரு பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்கிறது, நகர்ந்தது என் பெஞ்சுதான், நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

"நான் மாசமா இருக்கேன்." என் குரலா இது? "எனக்கு உக்காந்து வேலை பாக்க நாற்காலி வேணும். தொட்டிப் பக்கம் நிக்க மாட்டேன். வேணுங்கறப்ப தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போகணும். சட்டப்படி கேக்கறேன்."

கார்சாவின் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. "அட, நீங்களா மேடம்! வாழ்த்துக்கள். இதுக்கு எதுக்குங்க சட்டமெல்லாம், உங்களுக்கு இல்லாததா? இப்பவே ஆபீஸ் நாற்காலியே கொண்டாரச் சொல்றேன்." ஒருத்திதான், அதுவும் இவள்தான் என்று நிம்மதியாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்புகிறார். உங்களுக்கு. எவ்வளவு சுலபமாக வந்தது அந்த நாற்காலி! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

"எனக்கு மட்டும் இல்ல" என்கிறேன். "இனிமே கேக்கற எல்லாருக்கும். இப்ப எனக்குக் குடுத்தீங்கன்னா, நாளைக்கு இன்னொருத்திக்கு இல்லைன்னு சொல்ல முடியாது. சொன்னா நான் சாட்சி."

அவர் வாசல் பக்கம் நின்றுவிட்டார். அப்போது ஜன்னல் பக்கமிருந்து, இவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, மரிசேலாவின் குரல் வந்தது.

"எனக்கும்."

திரும்பிப் பார்க்கிறேன். மேல் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாள், உள்ளே இன்னொரு சட்டை, அதற்குள் வயிறு. "நாலு மாசம்" என்கிறாள் கார்சாவை நேராகப் பார்த்து. "போன தடவையும் கேட்டேன்." அவர் தொப்பியைத் திரும்பக் கழற்றுகிறார். பிறகு யெசெனியா, அழுதுகொண்டே, கையை மட்டும் தூக்குகிறாள். பிறகு பெட்டி ஒட்டுகிற இடத்தில் தினமும் என்னோடு வாயடிக்கிற அனைதா. பிறகு கடைசி மேஜையில், நான் பேர்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளாத இரண்டு பேர், ஒருத்தியின் கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும். கார்சா எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டார். வாக்கி டாக்கியை எடுத்து, "லாரி நிக்கட்டும்" என்றார். அக்கா முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், உட்காரத் தோன்றவில்லை. எத்தனை உயிர் இந்த அறைக்குள்! இத்தனை பேரும் இத்தனை நாளாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.